நான்காம் பத்தியின் பிறை

தென்கொரியாவின் ஓசோங்கில் ஈரல்கள் காலை எட்டரைக்குக் கண் விழிக்கும். எழுப்பிவிடுகிறவள் பாங் ஒக்சுன். வயது ஐம்பத்தாறு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய பதவிக்கு ‘உதவியாளர், மூன்றாம் நிலை’ என்று பெயர். இரண்டாம் நிலைக்கு அவளை உயர்த்தும் கடிதம் பதினோரு வருடமாக யாருடைய மேஜையிலோ ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

ஈரல் என்றால் முழு ஈரல் இல்லை. எங்கோ இறந்துபோன ஒரு புண்ணியவானின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்து, உறையவைத்து, வெண்புகை கக்கும் பீப்பாயில் சின்னச் சின்னக் குப்பிகளாக வந்து சேரும் உயிரணுக்கள். ஒக்சுன் குப்பியை வெதுவெதுப்பான நீரில் தாலாட்டி உருக்கி, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில் இருக்கும் தொண்ணூற்றாறு குழிகளில் சொட்டுச் சொட்டாக விடுவாள். சாயங்காலத்துக்குள் அவை அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பக்கத்து அணுவின் தோளைத் தொடும். மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே வெள்ளிக் கம்பி போல மினுங்கும் கோடுகள் ஓடும். பித்தநீர் போகும் வாய்க்கால்கள். உடம்பு இல்லை, வயிறு இல்லை, சாப்பிட ஆளே இல்லை. ஆனாலும் ஈரல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

முதல்முதலில் அதைப் பார்த்த அன்று ஒக்சுன் நாற்காலியை விட்டு எழுந்தாள். நுண்ணோக்கிக்கு முன்னால் நின்று, பெரியவர்களுக்குச் செய்வதுபோல இடுப்பை மடக்கி வணங்கினாள். நல்லவேளை, அறையில் முனைவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து தட்டைத் திறந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “சாப்பிட்டீங்களா?” கேட்டுவிட்டுத்தான் பழைய ஊட்டநீரை எடுத்துப் புதியதை ஊற்றுவாள். நன்றாகச் சாப்பிட்ட அணுக்கள் சிவப்பு நீரை ஆரஞ்சு நிறமாக்கி வைத்திருக்கும். அதுதான் பதில்.

அவள் இந்த வேலைக்கு வந்ததில் விஞ்ஞானத்தின் பங்கு குறைவு. புருஷன் சோக் பியோங்குக்குக்கு ஜோசிவொனில் பீச் பழத்தோட்டம். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் அவள் பீச் பிஞ்சுகளுக்குக் காகித உறை மாட்டினாள். பீச் பழம் ரோஷக்காரப் பழம். விரல் அழுந்திய இடத்தில் கறுத்துவிடும். அவள் தொட்ட பழம் கறுத்ததே இல்லை. ஒரு வருடம் பின்பனியில் பூவெல்லாம் கருகிப்போக, கம்பெனியில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்து சேர்ந்தாள். ஒருநாள் அணுக்களைத் தட்டில் விடும் டாக்டருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. “சும்மா ஊத்துங்க, போனாப் போவுது” என்று அவளிடம் கொடுத்தார்கள். டாக்டரின் தட்டில் பாதி அணுக்கள் சாவது வழக்கம். அவள் தட்டில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. மறுநாளும் அப்படியே. மேலிடம் கூடி விவாதித்து, இது வெறும் தற்செயல் என்று ஒருமனதாக முடிவு செய்து, அவளை நிரந்தரமாக அந்த வேலையில் போட்டது. அது நடந்து பத்தொன்பது வருடம்.

ஆய்வுக்கூடம் இருப்பது மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே உள்ள மாடியில். லிஃப்டில் அந்த மாடிக்கு எண்ணுக்குப் பதிலாக ஆங்கில ‘எஃப்’ என்று பொத்தான். கொரிய மொழியில் நாலுக்கும் சாவுக்கும் உச்சரிப்பு ஒன்றே, சாவோடு கூடப் பிறந்த எண். இதையெல்லாம் நம்புகிறவர்கள் யார் என்று அந்தக் கட்டடத்தில் கேட்டால் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். அத்தனை பேரும் முனைவர்கள். ஆனால் கம்பெனியின் சொந்த மருந்துப் பட்டியல் 303-லிருந்து 305-க்குத் தாவும். உறைபெட்டியில் நாலாம் தட்டு காலியாகக் கிடக்கும். காரணம் கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பார்கள்.

ஒக்சுனின் தட்டில் பன்னிரண்டு பத்திகள், பத்திக்கு எட்டுக் குழிகள். ஒவ்வொரு தட்டிலும் எட்டுக் கொலைகார மருந்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு காலத்தில் கடைகளில் கௌரவமாக விற்று, ஜனங்களின் ஈரலைக் கெடுத்து, ஊரைவிட்டு விரட்டப்பட்ட பழைய பாவிகள். மீதிக் குழிகளில் ஈரலைத் தொந்தரவு செய்யாத சாதுக்களும், கம்பெனி புதிதாகப் பெற்ற பிள்ளைகளும். யாரை எங்கே உட்காரவைப்பது என்பதை முடிவு செய்கிறவள் அவள்தான். ஒரு தாளில் ஒழுங்காக எழுதியும் கொடுப்பாள். ஏன் இப்படி என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பாவிகள் எட்டு, நாலாம் பத்தியில் குழிகள் எட்டு. நாளைக்கு ஒரு நோயாளியின் வாய்க்குள் போகவிருக்கும் மருந்தை எந்தத் தாய் நாலாம் பத்தியில் கொண்டுபோய்க் கிடத்துவாள்?

மூன்று வருடத்துக்கு முன்பு சியோலிலிருந்து டைரக்டர் மேங் தேஹோ வந்தார். கூடவே நா யூரிம் என்ற கணினி டாக்டரும் வந்தாள். வயது முப்பத்துமூன்று, காலை, மதியம் இரண்டு வேளையும் குளிர்ந்த காபியில் உயிர் வாழ்பவள். விஷயம் இதுதான்: எலி தின்று பிழைத்த மருந்தை, நாய் தின்று வாலாட்டிய மருந்தை, மனிதன் தின்று மஞ்சள் பூத்துச் சாவதுண்டு. மனித ஈரலின் குணம் மனித ஈரலுக்குத்தான் தெரியும். ஆகவே ஒக்சுனின் தட்டுகளை அதுவரை எடுத்துவைத்த பன்னிரண்டு லட்சம் படங்களையும் ஒரு கணினிக்குக் காட்டி, இது கொன்றது, இது கொல்லவில்லை என்று சொல்லிக்கொடுத்து, புது மருந்தின் படத்தைப் பார்த்ததும் அதுவே ஆரூடம் சொல்லும்படி செய்ய வேண்டும். அதற்கு ஹெயான் என்று பெயர் வைத்தார்கள். ஞானக்கண் என்று அர்த்தம்.

ஞானக்கண் வந்து இறங்கிய அன்று முறைப்படி பன்றித்தலை வைத்துப் படைத்தார்கள். அவித்த தலை சிரித்த முகமாக இருந்தால்தான் விசேஷம். ஒக்சுனே சந்தைக்குப் போய் ஏழு தலைகளின் முகபாவத்தை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அமெரிக்காவில் பட்டம் வாங்கிய டைரக்டர் கணினி அலமாரியின் முன்னால் நெற்றி தரையில் படும்படி விழுந்து எழுந்தார். அரிசிக்கள்ளை எடுத்துச் சுற்றித் தெளித்தார்.

“சார், வயர் மேல படாம! வயர் மேல படாம!” என்று யூரிம் அலறியதுதான் அன்றைய மந்திரம்.

பன்றித்தலையின் மகிமையோ என்னவோ, ஞானக்கண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொன்னது. அதுவரை அதற்குக் காட்டாத தட்டுகளை எடுத்துக் காட்டினார்கள், அப்போதும் தொண்ணூற்றேழு. உலகத்தில் எங்கும் எண்பத்தைந்தைத் தாண்டினதில்லை என்று யூரிம் சொன்னாள். சொல்லிவிட்டு எண்ணை மறுபடி சரிபார்த்தாள். ஒக்சுனுக்கு எண் முக்கியமாகப் படவில்லை. தான் மூன்று நாள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் சொல்ல முடியாததை, அது கண் இமைக்கிற நேரத்தில் சொல்கிறதே! இமைகூட இல்லாமல்! அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அலமாரிக்கு ஒரு சின்னத் தலையசைப்பு வைத்துவிட்டுப் போவாள்.

கம்பெனியின் செல்லப்பிள்ளை 317. முழங்கால் வலிக்கான மாத்திரை. எலி சரி, நாய் சரி, ஞானக்கண்ணும் பரம சாது என்று சான்றிதழ் கொடுத்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆரோக்கியமான எட்டுப் பேர் முதல் மாத்திரையை விழுங்குவதாக ஏற்பாடு.

அதற்கு ஏழு நாள் முன்னால், சாப்பாட்டு இடைவேளையில் யூரிம் ஒக்சுனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, வாங்க வாங்க. ஞானக்கண் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு! அது உத்துப் பாக்குற இடம் மட்டும் சிவப்பாத் தெரியற மாதிரி பண்ணியிருக்கேன்.”

திரையில் கொலைகார மருந்து விட்ட குழிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு குழியிலும் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புப் பிறை.

“அந்த இடத்துல அணுக்கள் ஒரு துளி கம்மியா இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. விஷம் பட்டா ஈரல் ஓரத்துலேருந்து ஒதுங்குதாம்! இதுவரைக்கும் யாருமே பார்க்காத அறிகுறிக்கா. டைரக்டர் சார் இதுக்குப் பேரே வெச்சுட்டார். ‘மேங் பிறை’!”

ஒக்சுன் பிறையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஈரக்குலை மெதுவாகக் கீழே இறங்கியது.

அவளிடம் பன்னிரண்டு மூக்குள்ள உறிஞ்சுகுழாய், பிப்பெட் என்பார்கள், ஒன்று உண்டு. ஒரே அமுக்கில் பன்னிரண்டு பத்திக்கும் ஊற்றும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அது கைதவறித் தரையில் விழுந்தது. அன்று முதல் நாலாவது மூக்கு மட்டும் மயிரிழை கோணல். சொட்டு வலப்பக்கமாக விழும். இடது ஓரத்தில் அணுக்கள் கொஞ்சம் குறையும். கைக்குப் பழகிய சாமான் என்று அவளும் மாற்றவில்லை. நாலாவது மூக்கு, நாலாம் பத்தி. நாலாம் பத்தியில் பத்தொன்பது வருடமாகப் பாவிகள் மட்டும்.

அப்படியானால் ஞானக்கண் விஷத்தைப் பார்க்கவில்லை. அவள் பிப்பெட்டின் கோணல் மூக்கைப் பார்க்கிறது. 317 ஒருநாளும் நாலாம் பத்தியில் உட்கார்ந்ததில்லை. அதனால்தான் பரம சாது!

“என்னக்கா, பேச்சே காணோம்?”

“ரொம்ப… அழகா இருக்குங்க, டாக்டரம்மா” என்றாள் ஒக்சுன்.

இங்கே ஒக்சுனின் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. சுங்சோங் பக்கத்து ஆட்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போய், இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையோ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அந்த ஊர்க்காரர் என்றால் வாளியோடு ஓடி வந்துவிடுவார். சியோல்காரர் என்றால் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

அன்று சாயங்காலம் பிறைக்கு விருந்து. ஈரலைக் காக்கும் துறையில் உலக சாதனை என்பதால் ஒன்பது பேர் இருபத்திரண்டு பாட்டில் சோஜு குடித்துத் தங்கள் ஈரல்களைக் கௌரவித்தார்கள். மறுநாள் காலை வழக்கப்படி, கெட்ட ஈரலைத் தேற்ற, எல்லாரும் ஆற்று நத்தை சூப் கடையில் கூடினார்கள். ஒக்சுன் டைரக்டருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“சார், பிப்பெட்டுக்கும் வயசாகும்ல?”

“எல்லாருக்கும் ஆகுது, பாங் அம்மா.” டைரக்டரின் கண்கள் செவ்வரளிப் பூ நிறத்தில் இருந்தன.

“மூக்கு ஒரு பக்கமாப் போச்சுன்னா, ஊத்தறதும் ஒரு பக்கமாத்தான் போகும்னு சொல்றாங்க.”

“மூக்குக்கு என்ன? டாக்டரைப் பார்த்தீங்களா?”

“எம் மூக்கு இல்லீங்க…” அவள் சூப்பைக் கலக்கினாள். “மனுஷன் ஒரே இடத்துலயே உக்காந்தா, அந்த இடமே அவனுக்குப் பேராயிடும். இல்லீங்களா?”

டைரக்டர் கரண்டியை வைத்துவிட்டு நெகிழ்ந்துபோனார். “புரியுதும்மா. பத்தொன்பது வருஷமா மூணாம் நிலையிலயே உக்காந்திருக்கீங்க. அந்தக் கடிதத்தை நான் இன்னிக்கே தேடச் சொல்றேன்.”

பக்கத்தில் யூரிம் மட்டும் கரண்டியை வாயருகில் நிறுத்தி ஒக்சுனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் அவளும் சியோல்காரிதான். ஜன்னலோடு நின்றுவிட்டாள்.

பதவி உயர்வுக் கடிதம் மறுநாளே கிடைத்துவிட்டது. பதினோரு வருடம் ஓய்வெடுத்தது இப்போதுதானா எழுந்து வர வேண்டும்! ஒக்சுன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் கிம்ச்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன ஹான்பியோல் அம்மா, நல்ல சேதி வந்த மூஞ்சியாத் தெரியலையே?” என்றார் பியோங்குக். மனைவியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். ஈரலுக்கு நல்லதென்று ஏதோ மரக்கட்டைக் கஷாயத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் அரிசிக்கள் குடிக்கிறவர்.

“ஏங்க, ஒரு பழப்பெட்டி. மேல ஸ்டிக்கர்ல ‘முதல் தரம்’னு இருக்கு. ஸ்டிக்கரை ஒட்டினது நீங்கதான். ஆனா உள்ள பாக்காமயே ஒட்டிட்டீங்க. என்ன பண்ணுவீங்க?”

பியோங்குக் அதே மண்ணில் பிறந்தவர். கிண்ணத்தைக் கீழே வைத்தார். “யாரு திங்கப் போறாங்க?”

“எட்டுப் பேரு.”

“எப்போ?”

“செவ்வாய்க்கெழமை.”

“வேலை போயிடுமா?”

“போனாலும் போகும். சிரிப்பாச் சிரிப்பாங்க. அந்தப் பொண்ணு யூரிம், மூணு வருஷம் ராப்பகலா உழைச்சது… அது மூஞ்சியை எப்படிப் பாக்குறது?”

அவர் கொஞ்ச நேரம் கிம்ச்சியை மென்றார். “காலைல நேரத்தோட கெளம்பு. பஸ் கூட்டமா இருக்கும்” என்றார். அந்த ஊர் பாஷையில் அதற்கு, போய்ச் சொல்லிவிடு, நான் இருக்கிறேன் என்று பொருள்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தக் கண்ணாடியில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது: ஆரோக்கியமான ஆண்கள் தேவை, மருந்துச் சோதனைக்கு. அடியில் தொலைபேசி எண் எழுதிய துண்டுகள் தொங்கின, முக்கால்வாசி கிழிபட்டிருந்தன. ஒல்லியான ஒருவன், தோளில் பை, கையில் முக்கோணச் சோற்று உருண்டை, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

“என்னைச் சேர்த்துக்கிட்டாங்கடா! முழங்கால் மாத்திரை. நம்ம ஈரல் ஏ ஒன்னாம், அந்த நர்ஸே சொல்லிச்சு!”

ஒக்சுன் அவனுடைய சட்டைக்குள், வலது விலா எலும்புக்குக் கீழே, அது இருக்கும் இடத்தைப் பார்த்தாள். தட்டில் ஒரு சொட்டாகவே அத்தனை வேலை செய்கிற சாமான். அங்கே ஒன்றரைக் கிலோ, முழுசாக, யாரும் கேட்காமலே பித்தம் சுரந்துகொண்டு, சோற்று உருண்டைக்காகக் காத்திருந்தது.

அன்று அவள் ‘எஃப்’ மாடியில் இறங்கி நேரே டைரக்டர் அறைக்குப் போனாள். யூரிமும் அங்கே இருந்தாள். மேஜைமேல், மாநாட்டுக்காக அச்சடித்த துணிப் பதாகை விரித்திருந்தது: பெரிய எழுத்தில் ‘மேங் பிறை’.

“சார், அந்தப் பிறை உங்களுது இல்ல. என்னுது.”

ஐம்பத்தாறு வருடத்தில் அவள் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

டைரக்டர் மெதுவாக நிமிர்ந்தார். “பாங் அம்மா, உங்களுக்கு ஈரல் வீங்கிப்போச்சா?” அங்கே துணிச்சல் குடியிருப்பது ஈரலில், அளவு மீறிய துணிச்சலுக்கு வீக்கம் என்று பெயர்.

“வீங்கினா வீங்கட்டுங்க.” பிப்பெட்டை மேஜைமேல் வைத்தாள். நாலாவது மூக்கைக் காட்டினாள். தான் எழுதிக்கொடுத்த தாள்களைக் காட்டினாள். பத்தொன்பது வருடத் தாள்கள், அத்தனையிலும் நாலாம் பத்தி.

“ஏன்? ஏன் எப்பவும் அங்கயே வெச்சீங்க?” என்றார் டைரக்டர்.

“நாலு, சார்.”

“இது ஆய்வுக்கூடம்! இது இருபத்தோராம் நூற்றாண்டு! நாலாவது பத்தின்னு ஒரு மூடநம்பிக்கை…”

“சார்,” என்றாள் யூரிம். அவள் முகம் வெளுத்திருந்தது. “ரெண்டு தட்டு போட்டா தெரிஞ்சிடும். ஒரு தட்டுல 317-ஐ நாலாம் பத்தில வைக்கலாம். இன்னொண்ணுல பழைய பாவியை ஏழாம் பத்தில.”

டைரக்டர் தொண்டையைச் செருமினார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

“317-ஐ… நாலுலதான் வைக்கணுமா? அஞ்சுல வெச்சா ஆகாதா?”

“நாலைத்தான் சோதிக்கறோம், சார்.”

“இல்ல, அதுக்குச் சொல்லல. அடுத்த வாரம் முதல் மாத்திரை. இந்த நேரத்துல போய்…” பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அவரே ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஒக்சுன் அன்றே அதே பிப்பெட்டால் இரண்டு தட்டுகளில் அணுக்களை விட்டாள். மறுநாள் மருந்து ஊற்ற யூரிம்தான் முன்வந்தாள். பிப்பெட்டை நாலாம் பத்திக்கு மேலே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. “சும்மா, கண்ணாடி மங்கலா இருக்கு” என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி நின்றது. கடைசியில் ஒக்சுன்தான் பிப்பெட்டை வாங்கி, அணுக்களிடம், “மன்னிச்சுக்குங்க” என்று முணுமுணுத்து, 317-ஐ அந்த எட்டுக் குழிகளிலும் விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, மூவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். நாலாம் பத்தியில் உட்கார்ந்த 317-ஐப் பார்த்த ஞானக்கண், கொடிய விஷம் என்று அலறியது. ஏழாம் பத்தியில் ஊரறிந்த பாவி உட்கார்ந்திருந்தான். நுண்ணோக்கியில் வெள்ளிக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஞானக்கண் அவனைப் பார்த்து, பரம சாது என்றது.

டைரக்டர் தன் போனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே எண்களை அழுத்தினார். “நாளைக்கு வேண்டாம்” என்றார். “எட்டுப் பேருக்கும் சொல்லிடுங்க. இல்ல, காரணம் எங்க பக்கம்தான். தப்பு என்னுது.” வைத்துவிட்டு, பதாகையைப் பொறுமையாக, ஓரம் ஓரமாகச் சுருட்டினார். அவரைப் பற்றி அதுவரை நினைத்ததில் பாதியை ஒக்சுன் அப்போது வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

யூரிம் கணினி அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒக்சுனும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலமாரி இரைந்துகொண்டிருந்தது.

“மன்னிச்சுக்குங்க, டாக்டரம்மா. மூணு வருஷத்தைக் கெடுத்துட்டேன்.”

யூரிம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “அக்கா, நீங்க நாலைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“எம் புருஷனுக்கே தெரியாதுங்க.”

“நானும் ஞானக்கண்ணுக்குச் சொல்லல. அதுக்கு நாலுன்னா என்னன்னே தெரியாது. உங்களையும் தெரியாது. பன்னிரண்டு லட்சம் படத்தை மட்டும் பார்த்துச்சு.” கண்ணாடியைக் கழற்றினாள். “பார்த்து, இதுக்குப் பின்னால ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கு ஒரு இடத்தைக் கண்டா பயம்னு கண்டுபிடிச்சிருக்கு. நாங்க கேட்டது ஈரலை. அது சொன்னது உங்களை.”

ஒக்சுனுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. முப்பத்தைந்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷனுக்குத் தெரியாதது. கோவிலில் புத்தருக்கு முன்னால்கூட அவள் வாய்விட்டுச் சொல்லாதது. மயிரிழை கோணலில், ஒரு பிறை அளவு வெறுமையில், அவள் பயத்தை ஒரு சாமான் உட்கார்ந்து படித்திருக்கிறது. படித்து, உண்மை என்று நம்பி, அவளைப்போலவே நாலைக் கண்டு பயப்படவும் கற்றுக்கொண்டிருக்கிறது. அவள் அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போலச் சூடாக இருந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம் பேய் வேலை. புதுப் பிப்பெட் வந்தது. எந்த மருந்து எந்தக் குழியில் என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கி முடிவு செய்தது. சீட்டில் விழுந்தபடி ஒக்சுன் ஊற்றினாள். நாலாம் பத்தியில் சில நாள் பாவி, சில நாள் சாது, சில நாள் வெறும் தண்ணீர். முதல் வாரம் ஒவ்வொரு குழியிடமும் மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் வாரம் மன்னிப்புக் கேட்பது குறைந்தது. அத்தனை படங்களையும் காட்டி ஞானக்கண்ணை அடியிலிருந்து படிக்கவைத்தார்கள். இம்முறையும் பன்றித்தலை வைத்தார்கள். டைரக்டர் இன்னும் ஆழமாக விழுந்து வணங்கினார்.

தொண்ணூற்றேழு எண்பத்தொன்றாக இறங்கியது.

“எண்பத்தொண்ணுதான்க்கா” என்றாள் யூரிம். “ஆனா இது ஈரலைப் பார்த்துச் சொல்ற எண்பத்தொண்ணு.”

“இப்பவும் நாலைப் பார்த்தா பயப்படுதுங்களா?”

“சுத்தமா இல்ல.”

“அப்போ இந்தக் கட்டடத்துலயே அது ஒண்ணுதான்” என்றாள் ஒக்சுன். டைரக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

பிறகு 317-இன் படத்தைக் காட்டினார்கள். மருந்து விட்டு இரண்டு நாளான, பார்க்க எந்தக் குறையும் இல்லாத அணுக்கள். ஞானக்கண், ஆபத்து என்றது. இம்முறை சிவப்பு விழுந்தது ஓரத்தில் இல்லை. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே, அந்த வெள்ளிக் கோடுகளின்மேல். வாய்க்கால்கள் நூலளவு குறுகியிருக்கின்றனவாம். ஒக்சுன் நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாங்களா?” என்றாள். சீட்டு விழுந்த எட்டுக் குழிகளில் மட்டும் 317-ஐ விட்டு, மீதியை மருந்தே இல்லாமல் வைத்து, தினமும் ஊட்டநீர் மாற்றி, பச்சைப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்டாள். பொதுவாக எந்தத் தட்டையும் மூன்று நாளுக்குமேல் வைத்திருக்கமாட்டார்கள். ஐந்தாம் நாள் நன்றாக இருந்தன. ஏழாம் நாளும் நன்றாக இருந்தன. டைரக்டர் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் காலை எட்டரைக்குத் தட்டைத் திறந்து, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

மற்ற எண்பத்தெட்டுக் குழிகளும் ஆரஞ்சு நிறத்தில் பதில் சொன்னன. அந்த எட்டில் மட்டும் நேற்று ஊற்றிய சிவப்பு நீர் ஊற்றியபடியே இருந்தது. யாரும் தொடவில்லை. ஒக்சுன் ஒன்று, இரண்டு என்று எட்டுவரை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு இருக்கையிலேயே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல், வெகுநேரம் அந்த எட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

317-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரிச் செய்தி போயிற்று: சோதனை ரத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்த ஒல்லிப் பையன் நின்றிருந்தான். அதே பை, அதே முக்கோணச் சோற்று உருண்டை. போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான்.

“அட போடா! முதல்ல தள்ளி வெச்சான், இப்ப ஒரேயடியா இல்லைங்கறான். காரணமும் சொல்லல. இவனுங்களுக்கு என் ஈரலோட அருமை தெரியல!”

போனை வைத்தான். சோற்று உருண்டையைக் கடித்தான். பக்கத்தில் ஒரு குள்ளமான அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் அவள்.

வாய் நிறையச் சோறு. உருண்டையைத் தூக்கிக் காட்டினான். “சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏம்மா, நீங்க யாரு?”

“ஒண்ணுமில்லீங்க. நல்லா சாப்பிடுங்க.”

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் ஒக்சுன் திரும்பினாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, அவனுடைய வலது விலாவுக்கு நேராக, பெரியவர்களுக்குச் செய்வதுபோல இடுப்பை மடக்கி வணங்கினாள். தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.